இடது பக்கத்து ரப்பர்

'கட்டுப்பாட்டை இழந்த வாகனம்' என்று எழுதுவோம். போலீசார் அப்படித்தான் சொல்வார்கள், நாங்களும் அப்படியே போடுவோம். எப்படி இழந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அதை அச்சிடப் பத்திரிகையில் இடம் இருக்காது. எண்பதுகளில், பினாங்குப் பாலம் திறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த சமயம், நான் ஒரு தமிழ் நாளிதழின் நிருபராக இந்த வரியைப் பலமுறை எழுதியிருந்தேன். அதற்குள் என்ன இருக்கிறது என்பதை ஜெலுத்தோங்கில் என் அக்கா வீட்டு வாசலில்தான் பார்த்தேன்.

அக்காவும் அவள் கணவரும் ஜெலுத்தோங் பாசாரில் காய்கறிக் கடை போட்டிருந்தார்கள். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவரிடம் ஒரு பழைய ஜப்பான் பிக்கப் இருந்தது. விடிவதற்கு முன் இருவரும் கடல்மேல் இருக்கும் அந்தப் பாலத்தைத் தாண்டி அக்கரையிலுள்ள புக்கிட் மெர்தாஜம் போய்ச் சரக்கு ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். ஃபெரிப் படகில் போன காலத்தில் வண்டி வேகம் எடுக்க வழியில்லை. பாலம் வந்ததும் மாமாவுக்குக் கால் அழுந்திவிட்டது. புக்கிட் தெங்கா தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்களை அவர் முந்துவதை நானே உள்ளே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

பாலம் திறந்த பிறகு ஒரு மழைக்காலத்தில் வண்டியின் முன்பக்கத்தில் கீச்சென்ற சத்தம் தொடங்கியது. ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் கத்தும். பக்கத்து வீட்டு அம்மா அக்காவிடம், "உங்க வீட்டுக்காரர் கெளம்பினா பன்னி அறுக்கிற மாதிரி இருக்குலா. எங்க வீட்டுல அலாரமே வைக்கிறதில்ல" என்று சொன்னார். அக்கா சிரித்துவைத்தாள். அந்த அம்மா அதையே தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு சத்தம் நின்றது. அவ்வப்போது திரும்ப வரும், இரண்டொரு நாளில் அடங்கிவிடும். இப்படியே இரண்டு வருடம் போயிற்று. அதன் பிறகு வேறொரு சத்தம் வந்தது. பிரேக் போட்டால் டொக். திரும்பினால் டொக். ஸ்டியரிங் பாலத்தின் நடுவில் தானாக ஒரு பக்கம் இழுத்தது.

"புஷ் போயிருக்கும்" என்றார் மாமா. சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை வண்டியின் சட்டத்தோடு சேரும் இடத்தில், இரும்பும் இரும்பும் உரசாதபடி நடுவில் ஒரு ரப்பர் உருளை இருக்கும். அதைத்தான் புஷ் என்பார்கள். கட்டைவிரல் பருமன் போல்ட்டு ஒன்று அதன் நடுவே போகும். பாசார் விடுமுறையான ஒரு திங்கட்கிழமை இரண்டு பக்கமும் மாற்றிவிடலாம் என்று புது ரப்பர் வாங்கி வைத்தார். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க நான் போனேன்.

வலது பக்கத்தை முதலில் பிரித்தோம். வயதான ரப்பர் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. கல்லாக இறுகி, ஓரங்களில் வெடித்து, இரும்போடு ஒட்டிப்போயிருந்தது. அடித்தும் வராததால் தீ வைத்து எரித்தோம். வாசல் முழுக்கக் கறுப்புப் புகை. மாமா மூக்கைச் சுளிக்கவே இல்லை. அவர் சுங்கை பாக்காப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா அங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். "இந்த வாடையிலதான் நான் வளந்தேன்" என்றார். எரிந்து முடிந்ததும் துளையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புது ரப்பரைத் திருகு இடுக்கியில் வைத்து முறுக்கி உள்ளே தள்ளினோம். மதியச் சாப்பாடு தள்ளிப்போனது.

இடது பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கினோம். மாமா சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். அது ஆடியது. ஆட வேண்டிய பக்கமாக அல்ல, உள்ளும் வெளியுமாக, விழப்போகும் பல் ஆடுவதுபோல. அவர் கையை எடுத்துவிட்டார். 

சக்கரத்தைக் கழற்றி, போல்ட்டை உருவியபோது நெருப்புக்கு வேலை இருக்கவில்லை. மாமா விரலை விட்டார். கறுப்பாக, கரைத்த புளிபோல ஏதோ விரலோடு வந்தது. ரப்பர் என்று அங்கே எதுவும் இல்லை. போல்ட்டைத் துணியால் துடைத்து என் கையில் வைத்தார். நடுப்பகுதி ஒரு பக்கமாகத் தேய்ந்து பாதிதான் மிச்சம். வெளிச்சத்தில் பிடித்தால் வளைவு தெரிந்தது. நேற்றுக் காலை இந்தப் போல்ட்டை நம்பி இருவரும் கடலுக்கு மேல் போய்வந்திருந்தார்கள். 

"இது தேஞ்சது இல்ல மச்சான்" என்றார் மாமா. குரல் மிகவும் தணிந்திருந்தது. "வலது பக்கம் கல்லு மாதிரி இருக்கு. இது மட்டும் எப்படிக் கூழாகும்? எண்ணெ. எவனோ எண்ணெ ஊத்தியிருக்கான். ஒரு நா ஊத்துன வேல இல்ல இது."

"யாரு ஊத்துவாங்க?"

"ரப்பருக்கு எண்ணெ ஆகாதுன்னு தெரிஞ்சவன்."

அவர் யாரைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பாசாரில் பக்கத்தில் வெங்காயக் கடை வைத்திருந்தவர். மாமாவின் அதே தோட்டத்தில் பிறந்தவர். லோரி நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை போட்டு, ஆறேழு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை. இரண்டு தெரு தள்ளி அடுக்குமாடியில் இருந்தார்.

"கூடவே நின்னு யேவாரம் பண்ணிட்டு... என் பொண்டாட்டி ஒக்கார்ற பக்கம்டா அது!" மாமா எழுந்தார். கையைத் துணியில் துடைத்தார். கொடியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டார். பெரிய ஸ்பேனர் கையிலேயே இருந்தது.

நான் அந்தக் கூழைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ஜின் எண்ணெயின் வாடை அதில் இல்லை. கொஞ்சம் எடுத்து முகர்ந்தேன். சிக்கு வாடை அடித்த நல்லெண்ணெய். பிசினுக்குள் நூல்போல ஏதோ தெரிந்தது. ஆணியால் இழுத்தேன். விரல்கணு நீளத்துக்குப் பஞ்சுத் திரி, ஒரு முனை கருகியிருந்தது.

நிமிர்ந்தேன். அக்கா டீ ஊற்றிய மங்குக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி கதவருகே நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. திரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா கேட்டைத் திறந்துவிட்டார்.

"போகாதீங்க" என்றாள் அக்கா. "நான்தான்."

மாமா திரும்பினார். "என்னா நான்தான்?"

"வெள்ளிக்கெழம வெளக்குல மிச்சம் இருக்கிற எண்ணெய... கால் படுற எடத்துல கொட்டக் கூடாதில்ல. வண்டி கத்துதுன்னு அந்தம்மா வேற ஊரெல்லாம் சொல்லுது. ஒரு கரண்டி விட்டேன். சத்தம் நின்னுருச்சு. அதான் வாராவாரம்..." நெய்க்கரண்டியின் நீளக் காம்பைக் காட்டுவதுபோல் கையை நீட்டினாள். மங்கிலிருந்து டீ கொட்டியது.

வெள்ளிக்கிழமைகளில் அவள் வண்டிக்குக் குங்குமம் வைத்து சூடம் காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். முன்சக்கரத்தின் பின்னால் கையை விட்டு என்ன செய்கிறாள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. மாமா அந்த நேரத்தில் குளித்துக்கொண்டிருப்பார்.

ஸ்பேனர் கீழே விழவில்லை, அவர் அதைக் கவனமாகப் படிமேல் வைத்தார். பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவர் கேட்ட கேள்வி இதுதான்:

"வலது பக்கம் ஏன் ஊத்தல?"

"என் பக்கம்தானே சத்தம் கேட்டுச்சு. நான் ஒக்கார்ற எடத்துக்குக் கீழ."

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே முழுவதும் உறைத்தது என்று நினைக்கிறேன்.  நான் வைத்திருந்த போல்ட்டை வாங்கித் தேய்ந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். "சாமி வெளக்கு எண்ணெதானே" என்றாள், எங்கள் இருவரிடமும் அல்ல. "சாமி வெளக்கு எண்ணெதானே அது."

மாமா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து போய்க் கேட்டைச் சாத்திவிட்டு வந்தார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். "மச்சான், சந்துல இருக்கிற ஸ்பேர்பார்ட் கடைக்காரன் வீட்டுலதான் இருப்பான். கதவத் தட்டி ஒரு போல்ட்டு வாங்கிட்டு வா" என்றார்.

புது ரப்பரையும் போல்ட்டையும் போட்டோம். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, சக்கரங்கள் தரையில் பாரம் தாங்கி நின்ற பிறகே போல்ட்டை இறுக்கினார். தொங்கும்போது இறுக்கினால் இறங்கும்போது ரப்பர் முறுக்கிக் கிழியும் என்று என்னிடம் சொன்னார்.  அன்று மாலை அக்கா உள்ளே விளக்கு ஏற்றவில்லை.

மறுநாள் விடியற்காலை நானும் கூடப் போனேன். அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏறாமல் கொஞ்ச நேரம் நின்றாள். மாமா என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார். கூப்பிடவில்லை. நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஏறினாள். ஆனால் கால்களைக் கீழே வைக்காமல் இருக்கைமேல் மடக்கி வைத்துக்கொண்டாள். பாலத்தில் அன்று எல்லாப் பஸ்களும் எங்களை முந்திப் போயின. வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. திரும்பி வரும்வரை அவள் கால்களை இறக்கவே இல்லை.

பாசாரில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது வெங்காயக்காரர் தன் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து, யாரிடமும் இல்லாததுபோல் உரக்கச் சொன்னார்: "காடி வர்ற சத்தமே கேக்கல. யாரோ புதுசு வாங்கிட்டாங்க போல."

மாமா கத்தரிக்காய்க் கூடையைக் கீழே வைத்தார். நேராக அவரிடம் நடந்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீ குடிச்சியா?" என்றார் மாமா.

 வெங்காயக்காரர் மாமாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை மெதுவாக அவிழ்த்தார்.

"ஏண்ணே" என்றார் தணிந்த குரலில், "வீட்டுல யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்லலா" என்றார் மாமா. அக்காவின் பக்கம் திரும்பிப் பார்த்தார். "யாரும் சாகல."