சூடு ஆறட்டும்

அக்காவுக்கு அலுவலகத்தில் ‘சந்தேக மேடம்’ என்று பெயர். வீட்டிலும் அதே கதைதான். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். குடிநீர் நிலையத்தில் மின்பொறியாளர். அங்கே மின்மாற்றி எரிந்துபோனதும், புதியது வரும்வரை வாடகை ஜெனரேட்டர்களை வைத்துச் சமாளிக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. தொட்டிகளில் மிச்சமிருந்த தண்ணீர் மறுநாள் காலைவரைதான் ஊருக்குத் தாங்கும். அவளுடையதோ ஒப்பந்த வேலை. தப்பான ஜெனரேட்டரைத் தேர்ந்தெடுத்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. காரோட்டுகிற சாக்கில் நானும் கூடப் போனேன்.

வாடகைக் கிடங்கில் பெரிய ஜெனரேட்டர் ஒன்று புதுப் பெயிண்டோடு பளபளத்தது. இது ஒன்றே போதும் என்றார் கிடங்குக்காரர். பொத்தானுக்குப் போன அவர் கையைத் தடுத்துவிட்டு, அக்கா இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“சுடுதே அண்ணே. நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிட்டீங்களா?”

“உங்களைக் காக்க வைக்கக் கூடாதுன்னுதாம்மா...”

“பரவாயில்ல, காத்திருக்கோம். சூடு ஆறட்டும்.”

“ஏம்மா, இதென்ன காபியா, ஆத்திக் குடிக்க?” என்று கூட வந்திருந்த அவள் மேலதிகாரி கடுகடுத்தார்.

“காலையில இது ஜில்லுனுதான் சார் நிக்கும். அப்பவும் கிளம்புமான்னு இப்பவே பாத்துடுவோம்.”

ஆறிய பிறகு பொத்தானை அமுக்கினார்கள். இருமியது, வெள்ளைப் புகையைக் கக்கியது, நின்றது. அடுத்த தடவை இருமல்கூட இல்லை. கிடங்குக்காரர் பேட்டரிமேல் பழியைப் போட்டார்.

மூலையில் பெயிண்ட் உரிந்த நடுத்தர ஜெனரேட்டர்கள் மூன்று நின்றன. அக்கா தொட்டுப் பார்த்தாள். பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்து கிடந்தன. ஆனாலும் மூன்றும் ஒரே அமுக்கில் கிளம்பின.

“மூணையும் சேத்து ஓட்டலாம் சார். ஒண்ணு படுத்தாலும் ரெண்டு இழுக்கும்.”

“இந்தக் கிழடுகளை நம்பியா?”

“என் பொறுப்பு சார்.”

மூன்றையும் இரவோடு இரவாகக் குடிநீர் நிலையத்துக்குக் கொண்டுவந்து இணைத்தார்கள். விடிந்ததும் பம்புகளை ஒவ்வொன்றாகப் போடச் சொன்னாள். மோட்டார் கிளம்பும் நொடியில்தான் மின்சாரத்தை மடக்மடக்கென்று குடிக்குமாம். கடைசி பம்பும் ஓடத் தொடங்கிய வேளையில் ஒரு ஜெனரேட்டர் பொசுக்கென்று நின்றது. மற்ற இரண்டும் ஒருகணம் முனகின. பிறகு முழுச் சுமையையும் தோளில் வாங்கிக்கொண்டன. ஒரு பம்புகூடத் தயங்கவில்லை. தண்ணீர் அழுத்தத்தைக் காட்டும் முள் விறுவிறுவென்று ஏறியது. பம்ப் அறையில் யாரோ விசிலடித்தார்கள்.

மேலதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “மேடம், அடுத்த வருஷமும் நீங்க இங்கதான். நான் சொல்றேன்.”

“சொன்னா போதாது சார். எழுத்துல குடுங்க.”

சத்தத்தையும் மீறி அவர் சிரித்தது வாசல்வரை கேட்டது.