இரண்டாம் அடுக்கின் விடை

அவளுக்கு மண்ணக்கா என்று பெயர் வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. மண் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாக வேலை. அதில் பதினேழு வருஷமாக, ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுச்சூழல் அறிவுப் போட்டியில் மண் பகுதிக்கு நடுவர்.

அணிக்கு ஐந்து பேர். காடு, நீர், விலங்கு, மண் என்று நான்கு இடம். ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம். மண்ணுக்கு மார்பளவு ஆழத்தில் ஒரு குழி வெட்டி, பக்கச் சுவரில் அடுக்குகளைப் பிரித்து ஆணி அடித்திருப்பார்கள். பிள்ளைகள் ஏணியில் இறங்கி, பார்த்து, பிசைந்து, எழுதிவிட்டு ஏறுவார்கள்.

சரியான விடையை மண்ணக்கா எழுத வேண்டும். அதுவும் கூடத்தில் சோதித்து அல்ல, கையால். பிள்ளைகளிடம் இருப்பது கை மட்டும்தானே, நடுவருக்கும் அதுவே போதும் என்று ஆரம்பத்தில் யாரோ வைத்த விதி. போட்டியன்று காலை குழியில் இறங்கி, அடுக்குக்கு ஒரு பிடி எடுத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கி நாடா போலத் தள்ளுவாள். நாடா எவ்வளவு தூரம் போய் அறுகிறது என்பதில் களிமண்ணின் அளவு தெரியும். விரலில் நரநரப்பதில் மணல் தெரியும். எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மேலே ஏறுவாள்.

இந்த வருஷம் ஏணியின் கடைசிப் படியில் நின்று கொஞ்சம் மூச்சு வாங்கினாள். இரண்டாம் அடுக்கில் நாடா நீளமாக வந்தது. நரநரப்பு இல்லை. 'களி' என்று எழுதினாள். அதை வைத்தே அடுத்த இரண்டு விடைகளும்: தண்ணீர் மெல்ல இறங்கும், கட்டடத்துக்கு ஆகாது. உறையை ஒட்டினாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் வீட்டில் ஒன்று நடந்திருந்தது. கொதிக்கும் கெண்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு அவள் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் மகள்தான் பார்த்தாள்.

"அம்மா, விரல்ல கொப்புளம்."

"எங்க?"

"எங்கன்னு என்னைக் கேக்கறியா?"

பதினொரு வருஷமாகச் சர்க்கரை. மகள் ஒரு ஊசியை எடுத்துவந்து, கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு விரலாகத் தொட்டு எந்த விரல் என்று கேட்டாள். மண்ணக்கா சொன்னதெல்லாம் குத்துமதிப்பு.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்."

"போட்டி முடியட்டும்."

முன்னாள் பஸ் டிரைவரான கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "போட்டி முடிஞ்சா தணிக்கை, தணிக்கை முடிஞ்சா விதைப்புக் காலம். உங்கம்மாவுக்கு நோய் வரணும்னா அதுவே முன்கூட்டி மனு போட்டாத்தான் உண்டு."

அவள் சிரித்தாள். ஊசி விஷயம் அதோடு நின்றது.

மதியம் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து பன்னிரண்டு அணிகளின் தாளையும் திருத்தினாள். எதிர் பெஞ்சில் போட்டியை நடத்தும் உயிரியல் வாத்தியார். காலையிலிருந்து கத்தித் தொண்டை கட்டிப்போய், காற்றுதான் வந்தது.

முதல் தாளில், இரண்டாம் அடுக்கைக் கேட்கும் ஆறாம் கேள்விக்கு 'மணல் கலந்த களி'. தப்பு போட்டாள். இரண்டாவதிலும் அதுவே. ஐந்தாவது தாளில் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். மீதியைப் புரட்டிப் பார்த்தாள். ஒன்பது அணி மணல் கலந்த களி. மூன்று அணிதான் களி.

"நல்ல கேள்விக்கா," என்றார் வாத்தியார், எட்டிப் பார்த்து. "பதரையும் மணியையும் பிரிச்சிடுச்சு."

"பன்னெண்டுல மணி மூணுதானா?"

"மத்த இடத்து மார்க்கையும் கூட்டினா அந்த மூணுல ஒண்ணுதான் முதல்ல வருது. அஞ்சும் பொண்ணுங்களா வந்திருக்கே, அந்த அணி. மாநிலப் போட்டிக்குப் போறாங்க."

அந்தத் தாளை எடுத்தாள். ஆறாம் விடையில் 'மணல் கலந்த களி' என்று எழுதி, ஒரே கோடாக அடித்து, மேலே 'களி' என்று எழுதியிருந்தது. கோடு அழுத்தமாக இல்லை.

ஒன்பது அணி ஒரே மாதிரி தப்புச் செய்தால் தப்பு வேறெங்கோ இருக்கிறது என்று தெரியாத அளவுக்கு அவள் புதியவள் அல்ல. வாத்தியாரின் கூட்டல் தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கக்கா? இன்னும் ஒரு மணி நேரத்துல முடிவு சொல்லணும்."

"இதோ."

குழியருகே யாருமில்லை. இறங்கி, இரண்டாவது ஆணிக்குக் கீழே கிள்ளினாள். பிசைந்தாள். நாடா வந்தது. மற்றபடி கையுறை போட்ட கையால் தொடுவதுபோல் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வயல்களில் செய்த பழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு துளி மண்ணை முன்பற்களுக்கு நடுவே வைத்துக் கடித்தாள்.

நரநரவென்றது. தலைக்குள்ளே கேட்டது.

"மிஸ், மண்ணா தின்றீங்க?"

மேலே ஒரு பெண். கையில் தண்ணீர் பாட்டில், மறந்து வைத்துவிட்டுப் போனதை எடுக்க வந்திருக்கிறாள். சட்டையில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்ததும் மண்ணக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அடித்து எழுதிய அணி.

"உப்பு சரியா இருக்கான்னு பாத்தேன்," என்று துப்பினாள். "ஆறாவது கேள்வியில யாரு கையெழுத்து?"

"என்னோடதுதான்."

"ஏன் அடிச்சே?"

பெண் பாட்டில் மூடியைத் திருகினாள். "கைக்கு நரநரன்னுதான் இருந்துச்சு. அஞ்சு பேரும் பாத்தோம். ஆனா போன வருஷக் குழியில பழகினோம் இல்ல மிஸ், அதுவும் இப்படியேதான் இருந்துச்சு. நீங்க களின்னு விடை போட்டிருந்தீங்க. எங்க ஸ்கூல் சார் சொன்னாரு, மண்ணக்கா சொன்னா களிதான், உங்க விரலை மாத்திக்கங்கன்னு."

"மாத்திக்கிட்டீங்களா?"

"கஷ்டமா இருந்துச்சு. பழகிடுச்சு."

மண்ணக்கா குழிச்சுவரில் சாய்ந்து நின்றாள். விரல் மரத்து மூன்று வாரம் என்று நினைத்திருந்தாள். ஒரு வருஷம்.

"பல்லுல ஒட்டியிருக்கு மிஸ்," என்றாள் அந்தப் பெண், பாட்டிலை நீட்டி.

வாங்கிக் கொப்பளித்தாள். "உங்க கைதான் சரி," என்றாள். "நான் போட்ட விடை தப்பு. திருத்தப் போறேன். திருத்தினா நீங்க கீழ போயிடுவீங்க."

பெண் குழி ஓரத்தில் குந்தினாள். "எவ்வளவு கீழ?"

"நாலாவது."

"நாங்க முதல்ல சரியாத்தானே எழுதினோம்?"

"ஆமா."

"அடிச்சது உங்களாலதானே?"

"ஆமா."

பெண் பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள்.

வகுப்பறையில் வாத்தியார் முழுக்கக் கேட்டுவிட்டு மேசையைப் பார்த்தார். "உறை ஒட்டியாச்சு. யாருக்கும் தெரியாதுக்கா."

"ஒன்பது அணிக்குத் தெரியும். நாப்பத்தஞ்சு பேரு கை."

"அப்போ மூணு கேள்வியையும் தூக்கிடுவோம். யார் மேலயும் பழி வராது. அந்தப் பொண்ணுங்களே முதல்ல நிக்கறாங்க."

கையில் இருந்த பேனா நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தாள். அந்தப் பெண்களுக்குச் செய்ய வேண்டியது அதுதான் என்று ஒரு கணம் தோன்றியது. தூக்கிவிட்டால் தன் விரலைப் பற்றி யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்பதும் கூடவே தோன்றியது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

"சரியா எழுதினவங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்றாள். "திருத்திடுங்க."

மைக்கை வாத்தியார் நீட்டியபோது, தொண்டை கட்டிய அவரைவிடத் தன் குரல் மோசமாக இருந்ததாக அவளுக்குப் பட்டது. மண் பகுதியில் ஆறு, ஏழு, எட்டுக்கு நடுவரின் விடை தவறு, நடுவரின் விரலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது, போன வருஷ விடையையும் யாரும் பயிற்சிக்கு எடுக்க வேண்டாம் என்றாள். ஒன்பது அணிகள் கை தட்டின. மூன்று அணிகள் தட்டவில்லை. அந்தப் பெண் தன் தோழிகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், மேடைப்பக்கம் பார்க்கவில்லை.

திரும்பும்போது வேனில் மண்வெட்டிகளுக்கும் ஏணிக்கும் நடுவே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அடுத்த வருஷம்?" என்றார் வாத்தியார்.

"குழி எங்க வெட்டணும்னு காட்டித் தரேன். விடையை வேற யாராவது எழுதட்டும்."

"யாருக்கா இருக்கா?"

"அந்த நாலாவது அணியில ஒரு பொண்ணு. படிச்சு முடிக்கட்டும்."

"அது உங்களை மன்னிக்குமா?"

"விடை எழுத மன்னிப்பு எதுக்கு வாத்தியாரே?"

அவர் தூங்கிப்போனார். மண்ணக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். கூடத்தில், வடக்குச் சுவர் அலமாரியில், நிலம் வைத்திருப்பவர்களுக்கு அவள் எழுதிக் கொடுத்த தாள்களின் நகல் இருந்தது. ஒவ்வொன்றிலும் 'மண் வகை: கையால் கண்டது' என்று ஒரு வரி. வாரத்துக்குப் பத்து, பன்னிரண்டு. எல்லாவற்றையும் திரும்பச் சோதிக்க, போன வருஷப் போட்டிக்கு முன்னாலிருந்து தொடங்க வேண்டும். எவ்வளவு முன்னால் என்று யாரைக் கேட்பது? ஒரு மாதிரியைக் கண்ணாடிக் குழாயில் கலக்கித் தெளியவிட்டு அளக்க ஒரு நாள் போகும். குழாய்கள் எட்டுதான், அதில் ஒன்று விரிசல். ஓய்வுக்கு இன்னும் இருபது மாதம்.

கணக்கைப் பாதியில் விட்டாள். திங்கட்கிழமை மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் மகளிடம். மகளிடம் சொல்வது எளிது, ஏற்கனவே தெரியும்.

கடைவாயில் எங்கோ ஒரு மணல் மாட்டியிருந்தது. நாக்கால் தேடினாள், அகப்பட்டது. துப்பாமல் வைத்துக்கொண்டு, வீடு வரும்வரை அவ்வப்போது கடித்துப் பார்த்துக்கொண்டாள்.