பதினான்கு அங்குலம் போதும் என்று சொன்னேன்

என் மணிக்கட்டு உடைந்ததற்குக் காரணம் நீங்கள்தான், சேர்மன் சார். என் கவனக்குறைவு அல்ல. நீங்கள் வாங்கிய இருபத்திரண்டு அங்குலச் செயின் ரம்பம்.

சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறது. "ரம்பத்தை இயக்கிய உறுப்பினரின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது." எழுதியவர் நீங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அந்த வரியைச் சத்தமாக வாசிப்பார்கள். எல்லோரும் கையைத் தூக்கி நிறைவேற்றிவிட்டால், கொல்கத்தாவில் எனக்குத் தெரிந்த அத்தனை தமிழ்க் குடும்பங்களுக்கும் நான் மெஷின் பிடிக்கத் தெரியாதவள் ஆகிவிடுவேன். அது முடியாது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

டாலிகஞ்சில் எங்கள் தமிழ்ச் சங்கம். முப்பது குடும்பங்கள் இருக்கும். வங்கி, ரயில்வே, இன்ஷூரன்ஸ், அரசுக் கம்பெனி என்று பாதிப்பேர் ஓய்வு பெற்ற அதிகாரிகள். குடியரசு தின விடுமுறையில் எல்லோரும் பஸ் பிடித்து புருலியா பக்கம் போய்க் கூடாரம் போடுவோம். எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு அங்கே குன்றடியில் நிலம் இருக்கிறது. ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் மரங்களுக்கு நடுவே நடந்தால் ஒரு குளம். குளக்கரையில் கூடாரம். பிள்ளைகளுக்கு வருஷத்தில் அதுதான் பெரிய பண்டிகை. துர்கா பூஜை கூட அடுத்தபடிதான்.

போன வருஷக் கோடையில் காலபைசாகிப் புயல் அடித்ததில் அந்தப் பாதை முழுக்க மரங்கள் சாய்ந்துவிட்டன. பெரும்பாலும் ஆகாஷ்மணி, நடுவே சில யூகலிப்டஸ். மழை விட்டதும் நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தையல் டேப்பை எடுத்துப்போய் அளந்தேன். இருப்பதிலேயே பருமனான மரம் ஒன்பது அங்குலம். ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டின் அடிப்பாகம் அளவு.

நான் யார் என்றும் சொல்லிவிட வேண்டும். கரக்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்து, பவானிபூரில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். தேயிலைத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கும் பம்பு, கவாத்து மெஷின், மரம் அறுக்கும் செயின் ரம்பம் எல்லாம் விற்கிற கம்பெனி. எனக்குப் புகார் மேஜை. காலையில் உட்கார்ந்தால் தோட்டத்து மேனேஜர்கள் போனில் கத்துவார்கள். ஸ்டார்ட் ஆகவில்லை, சங்கிலி கழன்றது, புகை வருகிறது. கத்துகிறவருக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் மெஷினைத் தெரிந்திருக்க வேண்டும் என்று, கீழே சர்வீஸ் கூடத்தில் நின்று நானே பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டேன். அறுக்கவும் கற்றுக்கொண்டேன்.

ரம்பம் வாங்க வேண்டும் என்று சங்கத்தில் பேச்சு வந்தபோது, என்னிடம் கேட்பார்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கொள்முதல் துணைக்குழு போட்டார்கள். பாலிகஞ்சில் குடியிருக்கிற ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் அதற்குத் தலைவர். சேர்மன் என்று நான் சொல்வது அவரைத்தான்.

எங்கள் சங்கத்தில் துடைப்பம் வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும். ஆபீசில் பழகின கை, ஓய்வு பெற்றாலும் நிற்காது. மூன்று கடை, மூன்று கொட்டேஷன், அப்புறம் ஒரு ஒப்பீட்டுப் பட்டியல். பத்தி பத்தியாகக் கோடு போட்டு மார்க். சேர்மன் அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் செயற்குழுவில் எல்லோருக்கும் கொடுத்தார். தகட்டின் நீளத்துக்குப் பத்து மார்க். எஞ்சின் பவருக்குப் பத்து. எது பெரிதோ அதற்கு முழு மார்க். இருபத்திரண்டு அங்குல ரம்பம் எல்லாவற்றிலும் முதல். அருகில் பதினான்கு அங்குல ரம்பம், கடைசிப் பெஞ்சுப் பையன் போல மூன்று, நான்கு என்று வாங்கி உட்கார்ந்திருந்தது.

"சார், பதினாலு இஞ்ச் போதும். ரெண்டு கிலோமீட்டர் தூக்கிட்டு நடக்கணும்" என்றேன்.

"மாமி, எல்லாம் விசாரிச்சாச்சு. நீங்க கேம்ப் மெனுவைப் பாருங்கோ, போறும்."

என்னை மாமி என்கிற இவர் என்னைவிட ஏழு வயது பெரியவர்.

"நான் ரம்பம் வித்தவ சார்."

"வித்தேள். நான் வாங்கறவன். வாங்கறவனுக்குத்தானே கஷ்டம் தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எரிகிறது.

பட்டியலை மறுபடி பார்த்தேன். எடைக்கும் ஒரு பத்தி இருந்தது. அப்பாடா, இங்கேயாவது உருப்படியாக யோசித்திருக்கிறார்கள் என்று விரலை ஓட்டினேன். இருப்பதிலேயே கனமான ரம்பத்துக்குப் பத்துக்குப் பத்து.

"சார், இது என்ன? கனமானதுக்கா முழு மார்க்?"

"பின்னே? கனமா இருந்தாத்தான் சரக்கு நன்னா இருக்கும். எவர்சில்வர் அண்டா வாங்கறச்சே லேசா இருக்கறதையா எடுப்பேள்?"

"வாஸ்தவம்தான்" என்றார் பக்கத்திலிருந்த ஒரு மாமி. "லேசா இருந்தா நசுங்கிடும்."

கூட்டமே தலையாட்டியது. பாத்திரக் கடையில் இரண்டு கையாலும் ஏந்தி கனம் பார்க்கிற ஜாதி நாம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. என்னைத் தவிர ஒருமனதாக.

கூடாரம் போடப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முதலில் போய் மரத்தை அளந்துகொள்ளுங்கள். ரம்பத்தின் தகடு மரத்தின் பருமனைவிட இரண்டு அங்குலம் அதிகம் இருந்தால் போதும். தப்பித் தவறி ஒரு பெரிய மரம் வந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் அறுக்கலாம். பாதை சுத்தம் செய்ய பன்னிரண்டு, பதினான்கு அங்குலத்துக்கு மேல் வாங்குகிறவர் மரக்கடை வைக்கப் போகிறார் என்று அர்த்தம். ரம்பத்தோடு பெட்ரோல், சங்கிலிக்கு ஊற்றும் எண்ணெய், தண்ணீர், சோற்று மூட்டை எல்லாம் சேர்ந்து வரும். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மேடேறிய பிறகுதான் வேலையே ஆரம்பம். களைத்த கையில் ரம்பம் இருக்கக் கூடாது. கடையில் நிற்கும்போது தூக்கிப் பாருங்கள். ஒரு நிமிஷம் அல்ல, பத்து நிமிஷம். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். கை விரல் பருமன் கிளைக்கு மடக்கு ரம்பம் ஒன்று பையில் இருந்தால் போதும், மெஷினே வேண்டாம்.

டிசம்பரில் ரம்பம் வந்து சேர்ந்தது. சங்கக் கட்டடத்துப் பின்முற்றத்தில் மேஜை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டார்கள். சங்கிலியில் கூடக் குங்குமம். போட்டோ எடுத்து முடித்ததும் சேர்மன் கயிற்றை இழுத்தார். இழுத்தார், இழுத்தார், முகம் சிவந்ததுதான் மிச்சம். செயலாளர் இழுத்தார். ரயில்வேக்காரர் ஒருவர் இழுத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

நான் மாலையைக் கழற்றி வைத்தேன். சோக்கை இழுத்து, மெஷினைத் தரையில் வைத்து, பின்பிடியை ஷூவால் மிதித்துக்கொண்டு மூன்று இழுப்பு இழுத்தேன். கர்ரென்று ஓடியது. மாடி வீட்டு ஜன்னல் திறந்தது.

"கீ ஹொச்சே ஓகானே?" என்று ஒரு குரல், அங்கே என்ன நடக்கிறது என்று வங்காளியில் கத்தியது.

"கிச்சு நா தாதா, கேம்பிங்!" என்று, ஒன்றுமில்லை அண்ணா என்கிற பாவத்தில் சேர்மன் பதிலுக்குக் கத்தினார்.

அன்றைக்கே முடிவாகிவிட்டது, ரம்பத்தை நான்தான் பிடிக்க வேண்டும் என்று. வாங்கும்போது மெனு பார்க்க வேண்டியவள், ஓட்டும்போது ஆபரேட்டர்.

ஜனவரி இரண்டாவது வாரம் பாதையைத் திறக்கப் போனோம். நான், சேர்மன், அங்கே நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் கம்சாத் துண்டைச் சுற்றி, தோளில் கோடாலியோடு அவர் நின்றிருந்தார். ரம்பத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"தீதி, இது மரக்கடை ரம்பமாச்சே. இங்கே எதுக்கு?" என்று வங்காளியில் கேட்டார்.

"இவர்கிட்ட கேளுங்க" என்றேன்.

சேர்மன் ரம்பத்தைத் தோளில் வைத்துப் பெருமையாக நடந்தார். இருநூறு அடி தாண்டுவதற்குள், "மாமி, ஒரு நிமிஷம் பிடிங்கோ, ஷூ லேஸ் கட்டணும்" என்றார். அந்த லேஸை அவர் கட்டி முடிக்கவே இல்லை. மிச்சப் பாதை முழுக்க நானும் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவரும் மாற்றி மாற்றித் தூக்கினோம்.

நான்கு மரங்களை அறுத்தேன். வெண்ணெய் போல அறுத்தது, பொய் சொல்லக் கூடாது. பவர் இருந்தது. ஆனால் நான்காவது முடியும்போது என் தோள் எனக்குச் சொந்தமாக இல்லை.

ஐந்தாவது இடத்தில் இரண்டு மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழுந்து, நடுவே கிளைகள் பின்னிக் கிடந்தன. இந்த ரம்பத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. தகட்டின் நுனியில் மேல்பக்கம் எதன்மேலாவது பட்டால், ரம்பம் பிடித்திருப்பவரை நோக்கித் துள்ளும். ஆகவே நுனி எங்கே இருக்கிறது என்று எப்போதும் தெரிய வேண்டும். ஒன்பது அங்குல மரத்தில் பதினான்கு அங்குலத் தகடு வைத்தால் அந்தப் பக்கம் ஐந்து அங்குலம் நீட்டும். இருபத்திரண்டு வைத்தால் பதின்மூன்று அங்குலம். அந்தப் பதின்மூன்று அங்குலமும் புதருக்குள் எங்கேயோ இருக்கும்.

"தீதி, இருங்க. நான் முதல்ல கிளையெல்லாம் கோடாலியால கழிச்சுடறேன். அரை மணி நேரம்" என்றார் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர்.

நான் சரி என்று எஞ்சினை நிறுத்தினேன்.

சேர்மன் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். "இத்தனை பெரிய மெஷினை வெச்சுண்டு கோடாலியா? வெட்டுங்கோ மாமி, நாழியாறது" என்றார்.

நான் செய்த தப்பு இங்கேதான், ஒளிக்கவில்லை. முடியாது என்று சொல்லி மெஷினைக் கீழே வைத்திருக்க வேண்டும். வைத்தால் "பார்த்தேளா, மாமிக்கு முடியல" என்று டாலிகஞ்ச் முழுக்கச் சொல்வார் என்று பயந்தேன். கயிற்றை இழுத்தேன். பாதி மரம் அறுத்திருப்பேன், நுனி உள்ளே எதன்மேலோ இடித்தது. அவ்வளவுதான் தெரியும். ரம்பம் என் முகத்துக்கு நேராக எழும்பியது. முன்னாலிருக்கும் தடுப்பு என் கையில் இடித்து பிரேக் விழுந்து சங்கிலி நின்றுவிட்டது. அதனால்தான் இதை எழுத எனக்கு முகம் என்று ஒன்று இருக்கிறது. நான் பின்னால் விழுந்தேன். இடது மணிக்கட்டு கல்லில் அடிபட்டது. சத்தம் எனக்கே கேட்டது.

நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர் தலையிலிருந்த கம்சாவை அவிழ்த்து என் கையை மார்போடு சேர்த்துக் கட்டினார். சேர்மன் என்னிடம் வந்து என்ன சொன்னார் தெரியுமா? "மெஷினுக்கு ஒண்ணும் ஆகலியே?"

ஆறு வாரம் மாவுக்கட்டு. பாதை பாதியில் நின்றது. அந்த முறை முகாமை ரோட்டோரம் ஒரு தாபாவுக்குப் பின்னால் போட்டார்கள். லாரி ஹாரனில் பிள்ளைகள் தூங்கவில்லையாம். குளத்தைப் பார்க்காமல் திரும்பி வந்தார்கள். யாரால் என்று கேட்டவர்களுக்கெல்லாம் என் பெயர்தான் பதில். பாலிகஞ்ச் ஸ்டேஷனில் ஒரு சின்னப் பெண், "ஆன்ட்டி, உங்களாலதான் நாங்க குளத்துக்குப் போகலையா?" என்று வெகு மரியாதையாகக் கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது? ஒப்பீட்டுப் பட்டியலை விளக்கவா?

மார்ச்சில்தான் மினிட்ஸ் புத்தகத்தைப் பார்த்தேன். கவனக்குறைவு என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. "இனி அனுபவமுள்ளவர்கள் மட்டுமே ரம்பத்தை இயக்க வேண்டும்." அதுவும் ஒருமனதாக. நான் கட்டுப் போட்டு வீட்டில் கிடந்த நாளில்.

போன மாதம் யாரிடமும் சொல்லாமல் ஹவுராவில் ரயிலேறினேன். நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர் பக்கத்து மாந்தோப்பிலிருந்து பதினான்கு அங்குல ரம்பம் ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தார். துணிப்பை மாதிரி ஒரு கையில் தொங்கவிட்டு நடந்தேன். அவர் முன்னால் போய்க் கிளைகளைக் கழித்தார், நான் பின்னால் அறுத்தேன். அந்த இரட்டை மரம் கால் மணி நேரம். மதியச் சாப்பாட்டுக்கு முன் குளக்கரையில் உட்கார்ந்து முகம் கழுவினோம். மணிக்கட்டு கொஞ்சம் வலித்தது, வேறொன்றும் இல்லை. வருகிற ஜனவரியில் பிள்ளைகள் குளத்துக்குப் போவார்கள். பாதை திறந்திருக்கிறது என்று செயலாளருக்குப் போட்டோவும் அனுப்பிவிட்டேன்.

செயலாளர் போன் செய்தார். "ரொம்ப சந்தோஷம் மேடம். ஆனா அந்த வரியை மாத்தறதுன்னா சேர்மன் ஒத்துக்கணுமே. விட்டுடுங்களேன், யார் படிக்கப்போறா?"

முப்பது குடும்பங்கள் கேட்கப்போகின்றன. அதனால் விடமாட்டேன்.

சேர்மன் சார், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். தனியாக வந்து காப்பி குடித்துக்கொண்டே சமாதானம் பேச வேண்டாம், போன் செய்ய வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். அந்த வரியை வாசித்து முடித்ததும் மைக் முன்னால் நில்லுங்கள். கிளையைக் கழிக்கட்டும் என்று நான் எஞ்சினை நிறுத்தினேனா, இல்லையா? வெட்டுங்கோ என்று சொன்னது யார்? எல்லோர் முன்னாலும், எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.