சத்தம் போன இடம்

கீலுங் நகரில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஜின்-ஃபூவுக்குக் கம்ப்யூட்டர் நன்றாகத் தெரியும் என்று பேட்டையே நம்பியது. ஒருமுறை பேட்டை மன்றத்துக் கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிட்டபோது, வயரைப் பிடுங்கி மறுபடி செருகியவர் அவர். அது உயிர்பெற்றது. அன்றிலிருந்து மன்றத்தில் பாட்டு நிகழ்ச்சி நடந்தால் கம்ப்யூட்டருக்கு அவர்தான் பொறுப்பு. மனைவி போனபின் வீட்டில் பேச ஆளில்லாதவருக்கு அது பிடித்தும் இருந்தது. ஆனால் பாடச் சொன்னால் மட்டும் தொண்டை சரியில்லை என்று நழுவிவிடுவார்.

நிலாத் திருவிழாப் பாட்டுப் போட்டியன்று காலை வழக்கம்போல மழை. இசையோடு சேர்ந்து பாடுவதற்கான பாட்டு வரிகள் கம்ப்யூட்டர் திரையில் ஒழுங்காக ஓடின. ஸ்பீக்கரில் மட்டும் மூச்சுப் பேச்சில்லை.

"மத்தியானம் ஆளுங்க வந்துருவாங்க. சும்மா வாயசைச்சிட்டுப் போகவா நாங்க?" என்றாள் பாட்டுக் குழுவின் தலைவி யென் அக்கா.

"இருங்கக்கா, பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

ஸ்பீக்கரின் பச்சை விளக்கு எரிந்தது. வயரைக் கழற்றி, ஊதி, மாட்டினார். வேறு வயர் போட்டார். ஒலியைக் கடைசி வரைக்கும் ஏற்றிவைத்தார். அணைத்துப் போட்டும் பார்த்தார். ம்ஹூம். வேறு ஸ்பீக்கர் கேட்டு வருகிறேன் என்று யென் அக்கா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மைக்கும் கம்ப்யூட்டர் வழியாகத்தான் பேசும். அதையாவது பார்ப்போம் என்று கையில் எடுத்தார்.

"ஹலோ, ஹலோ."

சத்தமே இல்லை. யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் வாய்க்கு வந்ததைப் பேசலானார். "ஹலோ, லி-யுன் கடை சோயாப் பால் வெறும் தண்ணி. ஆனாலும் தெனம் ரெண்டு கிளாஸ் குடிக்கறேன். எதுக்குன்னு அவளுக்குத் தெரியாது. அவ சிரிச்சிட்டா அன்னிக்கு மழை ஒரு பொருட்டில்ல. ஹலோ."

அப்படியே பழைய துறைமுகப் பாட்டொன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பாடி முடித்தார்.

கண்ணைத் திறந்தால் வாசலில் லி-யுன். பக்கத்துச் சிற்றுண்டிக் கடைக்காரி. கணவனை இழந்து தனியாகக் கடை நடத்துபவள். ஏப்ரனோடு நின்றாள். கையில் அவள் கடையின் சின்ன ஸ்பீக்கர். பின்னால் வாடிக்கையாளர் மூவர், ஒருவர் வாயில் முட்டை ரொட்டியோடு.

"என்ன டிரைவரே, என் பாலு தண்ணியா?" என்று நேரே அவரிடம் வந்தாள்.

அவர் கையிலிருந்த மைக் அதை வாங்கிக்கொண்டது. "தண்ணியா?" என்று அவள் ஸ்பீக்கரும் கேட்டது.

ஜின்-ஃபூவுக்குக் காது வரை சூடேறியது. விஷயமும் விளங்கியது. புத்தாண்டின்போது மன்றத்து ஸ்பீக்கர் பழுதாகி, வயரில்லாத இந்த ஸ்பீக்கரை அவளிடம் இரவல் வாங்கியிருந்தார்கள். கம்ப்யூட்டர் அதை மறக்கவில்லை. காலையில் வானொலி கேட்க அவள் அதைப் போட்டதும், சத்தத்தையெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்பத் தொடங்கிவிட்டது.

திரையின் மூலையிலிருந்த ஒலிக் குறியை அமுக்கினார். இரண்டு ஸ்பீக்கர்களின் பெயர்கள் இருந்தன, தேர்வாகியிருந்தது அவளுடையது. மன்றத்துடையதை அமுக்கினார். ஏற்றிவைத்த ஒலியோடு பாட்டு வெடித்துக் கிளம்பியது. அப்போதுதான் வெறுங்கையோடு திரும்பிய யென் அக்கா குடையைக் கீழே போட்டுவிட்டாள்.

அவர் ஒலியைக் குறைத்தார். லி-யுன் நகரவில்லை.

"நீங்க எடுத்ததுமே கடையில எல்லாரும் கை தட்டுனாங்க. பாட்டுக்கு."

"பேச்சுக்கு?" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பேச்சு எனக்குச் சொன்னது. அவங்க எதுக்குக் கை தட்டணும்?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அன்று யென் அக்கா அவர் பெயரையும் போட்டியில் சேர்த்துவிட்டாள். பாடினார். பரிசில்லை, சுருதியும் அங்கங்கே நழுவியது. லி-யுன் கடையை மூடிவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

குளிர்காலம் வந்தபோது இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்கு பஸ்ஸில் போகத் தொடங்கியிருந்தார்கள். வழியெல்லாம் ஜின்-ஃபூ, டிரைவர் பிரேக் போடும் அழகைக் குறை சொல்லிக்கொண்டே வருவார்.

"சும்மா வெளிய பாத்துக்கிட்டு வாங்க. கடல் வந்துருச்சு" என்பாள் லி-யுன்.