கை மரத்துப்போய் வந்தவர்கள்

கை மரத்துப்போனவர்களுக்குப் பட்டை கட்டி, விரல்களை மடக்கி நீட்டவைப்பதுதான் அறுபதுகளில் சிங்கப்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்கு வேலை. தமிழில் பேச ஆள் வேண்டுமென்று டாக்டர் என்னைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். நர்ஸோ இல்லையோ, வெள்ளை உடுப்பு போட்ட பெண்ணெல்லாம் அங்கே 'மிஸ்ஸி'தான். காலையில் எழுந்ததும் கையை உதறிக்கொள்ளும் வாசகர்களே, நீங்களும் இவர்களுக்கு உறவுக்காரர்கள்தான்.

மிளகாய் எரிச்சல்

சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடைகளுக்கு அம்மியில் மசாலா அரைத்துக் கொடுத்த அம்மாள் ஒருவர். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்து, டம்ளர் நழுவி விழ ஆரம்பித்தது. மணிக்கட்டில் குறுகலான வழியில் போகும் நரம்பு நசுங்குகிறது, அறுத்துத்தான் விடுவிக்க வேண்டும் என்றார் டாக்டர். அந்த அம்மாள் லேசில் சம்மதிக்கவில்லை. பிழைப்பே அந்தக் கைதானே. குழவியைப் பிடிக்கவே முடியாமல் போன பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

தையல் பிரித்துச் சில வாரம் கழித்து வந்தவரிடம், உணர்ச்சி திரும்பியதா என்று கேட்டேன். "மிளகாய் பட்டா இப்ப எரியுது மிஸ்ஸி. நல்லாவே எரியுது."

தனித் தட்டு

டாக்சி ஓட்டுநர் காதருக்கு வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்திருந்தன. தொழுநோய் என்று தானே முடிவுகட்டி, வீட்டில் தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுங்கியிருந்தார். மனைவியிடம்கூடக் காரணம் சொல்லவில்லை.

டாக்டர் தோல் முழுக்கப் பார்த்தார். சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. பிறகு, வண்டியில் உட்கார்வதுபோல உட்காரச் சொன்னார். காதரின் முழங்கை தானாகவே மேசை விளிம்பில் போய் ஊன்றியது. நாள் முழுக்கக் கார் ஜன்னலில் அழுந்துவதும் அதே இடம்தான். அங்கே தோலுக்கு அடியிலேயே ஓடும் நரம்பு நசுங்கியிருக்கிறது, யாருக்கும் தொற்றாது என்று நான் தமிழில் சொன்னேன். அவர் முழங்கையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார். அப்புறம் கேட்டார்: "அப்ப இன்னைக்கு என் மகளைத் தூக்கலாமா மிஸ்ஸி?"

மாப்பிள்ளையின் மணிக்கட்டு

செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ராஜு, அசதியில் பெஞ்சின் முதுகுப் பலகைமேல் கையைத் தொங்கப்போட்டபடி தூங்கிவிட்டார். எழுந்தபோது வலது மணிக்கட்டு நிமிரவில்லை. இரண்டு நாளில் கல்யாணம். சகுனம் சரியில்லை, தள்ளிப்போடலாம் என்று இரு வீட்டிலும் பேச்சு. மேல்கையில் நரம்பு அழுந்தியிருக்கிறது, சில வாரத்தில் தானாகச் சரியாகும் என்றார் டாக்டர். அதைக் கேள்விப்பட்ட மணப்பெண் செல்வி, குறித்த நாளிலேயே நடக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

கல்யாணம் முடிந்து, பட்டை மாற்ற இருவரும் சேர்ந்து வந்தார்கள். தாலி முடிச்சை எப்படிப் போட்டீர்கள் என்று ராஜுவைக் கேட்டேன். அவர் சிரித்தார். பதில் சொன்னது செல்வி: "மாலைக்குப் பின்னால என் கையும் இருந்துச்சு மிஸ்ஸி. ஐயருக்குக்கூடத் தெரியாது."

இத்தனை பேர் கையைப் பார்த்த பிறகும், என் கை கொஞ்சம் மரத்துப்போனால் எனக்கு முதலில் தோன்றுவது ஏதோ பெரிய வியாதி வந்துவிட்டது என்பதுதான்.