பம்புசெட் படத்தில் ஓடிய அலை

பிரேமலதா ஸ்கேனர் மூடியைத் தூக்கினாள், கண்ணாடியைத் துடைத்தாள், மூடினாள், மறுபடியும் தூக்கினாள். திருப்பதியில் ஹரிபாபு இந்த ஸ்கேனிங் கடையைத் திறந்த நாளிலிருந்து அந்தக் கண்ணாடிக்கு இவ்வளவு உபசாரம் நடந்ததில்லை. அப்படியும் திரையில் பம்புசெட் படத்தின் மேல் அலை அலையாக ஓடிய கோடுகள் போவதாக இல்லை.

ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தார் பழைய இயந்திரக் கையேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொல்லிக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். எழுத்தெல்லாம் முத்து முத்தாக வந்தது. கோட்டுப் படங்களும் அப்படியே. புகைப்படம் அச்சான பக்கத்தை வைத்தால்தான் வம்பு. தாளில் இல்லாத அலை திரையில் வந்து உட்கார்ந்துகொண்டது. பெரிதாக்கினால் வேறு பக்கம் ஓடியது, சிறிதாக்கினால் கட்டம் கட்டமானது. அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நகரியில் விசைத்தறிக் கொட்டகையிலேயே பாதி வயதைக் கழித்தவள் அவள். ஒரு காது மந்தமாகிவிட்டது. இன்னும் அந்தச் சத்தத்தில் நின்றால் மற்றதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் கன்னிகாவிடம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, தினமும் பஸ் பிடித்து இங்கே வருகிறாள். மாதிரிப் பக்கங்கள் நன்றாக வந்தால்தான் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று ஹரிபாபு கறாராகச் சொல்லியிருந்தார். திரும்பவும் தறிக்குப் போக அவளால் ஆகாது.

கணவன் தமிழரசுக்குப் போன் போட்டாள். அவருக்கு உலகமே தறிதான்.

“துணியில அலை வந்தா இன்னா அர்த்தம்? பாவு நூலு கோணிக்கினு இருக்குது. பக்கத்த நேரா வச்சிப் பாரு,” என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. கண்ணாடி ஓரமாக ஒரு நூலை விறைப்பாக இழுத்து டேப் போட்டு ஒட்டினாள். ஒவ்வொரு பக்கத்தையும் நூலோடு இம்மி பிசகாமல் பொருத்தினாள். அலை முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

அடுத்த தடியான புத்தகம் கைநழுவிச் சாய்ந்தது. பிடிப்பதற்குள் வெளிச்சம் ஓடி முடிந்துவிட்டது. திரையில் மோட்டார் கோணலாக நின்றது, ஆனால் அலையைக் காணோம். போல்ட்டுகூடத் தெளிவாகத் தெரிந்தது. அவளுக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் வந்தது. நேராக வைத்தால் கெடுகிறது, கோணலாக வைத்தால் திருந்துகிறது, இது என்ன கூத்து? நேராக வைத்துப் பார்த்தாள், அலை. லேசாகச் சாய்த்தாள், இல்லை. அதிகம் சாய்த்தால் மறுபடியும் வந்தது. வேறு வழியில்லாமல் புகைப்படப் பக்கங்களை எல்லாம் லேசாகச் சாய்த்தே எடுத்து முடித்தாள்.

சனிக்கிழமை ஹரிபாபு வந்து பார்த்தார்.

“ஏமம்மா இது? எல்லாம் சாஞ்சிக்கினு இருக்குது?”

“நேரா வச்சா அலை வருது சார். ஏன்னு எனக்குத் தெரியல,” என்றாள் பிரேமலதா.

அவர் நம்பவில்லை. தானே உட்கார்ந்து ஒரு பக்கத்தை நேராக வைத்தார். அலை. கண்ணாடியைத் துடைத்தார். அலை. சாய்த்து வைத்தார், போய்விட்டது. மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்று தெரிந்ததும் பிரேமலதாவுக்குப் பாதி உயிர் வந்தது.

“கோணலாவே எடு. அப்புறமா கம்ப்யூட்டர்ல படத்த நேரா திருப்பிக்கலாம்,” என்றார் எழுந்துகொண்டே. “திங்கக்கிழமையிலிருந்து ஒம்பது மணிக்கே வந்துடு. வேலை உனக்குத்தான்.”

அவளுக்கு நன்றாகவே கேட்டது. இருந்தாலும், “இன்னா சொன்னீங்க சார்?” என்று இன்னொரு தரம் அவரைச் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டாள்.