பிளாரன்ஸ் பார்த்த பறவை

“எப்படி இருந்துச்சு? நிதானமா சொல்லும்மா. அவசரம் ஒண்ணும் இல்ல.”

சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை மண்ணில் ஊன்றிக்கொண்டு கேட்கிறார் ஜீவமணி சார். எதிரில் நிற்கும் பேச்சித்தாய்க்கு அவசரம்தான். வெயில் ஏறுவதற்குள் உப்பளத்தில் இருக்க வேண்டும். இருந்தாலும் சொல்கிறாள்.

“கன்னுக்குட்டி தண்டி இருந்துச்சு சார். காலு ரெண்டும் ரத்தச் செவப்பு. பாத்தித் தண்ணியில தலைய விட்டு என்னமோ தேடிக்கிட்டு நின்னுச்சு.”

“கழுத்து?”

“கழுத்து நீளந்தான். வளைச்சு வளைச்சு வச்சிருந்துச்சு.”

சார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்கிறார். பூநாரை என்று எனக்கே தெரிகிறது. சொல்ல வாயெடுக்கிறேன். அவர் என் பக்கம் திரும்பாமலேயே கையை உயர்த்தித் தடுக்கிறார். “அவ சொல்லி முடிக்கட்டும்வே.”

தூத்துக்குடியில் பறவை பார்க்கிறவர் என்று அவர் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். அடுத்த வீட்டுக்காரர். பணிமுடித்த பூகோள வாத்தியார். கழுத்தில் ஒரு பழைய பைனாகுலர். அதன் தோல்வார் அறுந்துபோய், வலை பின்னும் நைலான் கயிறு கட்டியிருக்கிறார். காது கேட்காதவர் போலத் தலையை முன்னால் நீட்டித்தான் எதையும் கேட்பார். காது நன்றாகவே கேட்கும். லாரி ஓட்டும் மாடக்கண்ணு குடித்துவிட்டு வந்து, துறைமுகச் சாலையில் ரெண்டு தலைப் பருந்தைப் பார்த்ததாகச் சொன்னபோதும் சிரிக்கவில்லை. “ரெண்டும் ஒரே பக்கம் பாத்துச்சா?” என்று மட்டும் கேட்டார்.

முன்பெல்லாம் அவர் இப்படி இல்லை என்று அவரே சொல்கிறார்.

எழுபதுகளில் ஜாம்பியாவுக்கு வாத்தியார் வேலைக்குப் போனவர்களில் ஜீவமணி சாரும் ஒருவர். வடக்கே, பெரிய சதுப்பு நிலத்தை ஒட்டிய சின்ன ஊர். கல்யாணமான புதிதில் மனைவி பிளாரன்ஸையும் கூட்டிக்கொண்டு போனார். தூத்துக்குடி கடற்கரைத் தெருவில் வளர்ந்த பெண்; ஒரு வீட்டில் பேசினால் நாலு வீட்டில் கேட்கும். அங்கே பேசுவதற்கு ஆளில்லை. சார் பள்ளிக்கூடம் போனதும் வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள்.

இரண்டு பேரும் பறவைகளில் போய் விழுந்தது அங்கேதான். முதல் வாரமே காக்காயில் சண்டை வந்தது. அந்த ஊர்க் காக்காய்க்கு மார்பு வெள்ளை. “பாதிரியார் காக்கா” என்றாள் பிளாரன்ஸ். காக்காயே இல்லை என்றார் சார். தலைநகர் லுசாகா போனபோது ஒரு பறவைப் புத்தகமும் பைனாகுலரும் வாங்கி வந்தார். பார்த்தால் காக்காய்தான். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் நாணல் ஓரமாக நடப்பார்கள். தெரியாத பறவையை ஊர்ப் பறவையை வைத்துத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. மார்பில் ஊதா பூசி, வாலில் ரெண்டு இழை கூட்டிவிட்ட பனங்காடை. மஞ்சள் சட்டை போட்ட தூக்கணாங்குருவி. ஒரு முறை கிளையில் ஆந்தை என்று வெகுநேரம் மூச்சடக்கி நின்றார்கள்; காய்ந்த மட்டை அது. பிளாரன்ஸ் அங்கேயே உட்கார்ந்து சிரித்தாளாம்.

“ஆனா பைனாகுலர் எப்பமும் என் கையிலதான் இருக்கும்” என்கிறார் சார். “புத்தகமும் நாந்தான் பாப்பேன். அவ ஏதாவது சொல்ல ஆரம்பிப்பா. நான் பேரச் சொல்லி முடிச்சிருவேன். பாதி தப்பாத்தான் இருக்கும்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மந்திரமூர்த்தி என்ற இயற்பியல் வாத்தியாரும் இன்னும் இரண்டு தமிழ்க் குடும்பங்களும் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். சமையலை முடித்துவிட்டு பிளாரன்ஸ் ராத்திரிக்குக் கீரை பறிக்க நாணல் பக்கம் போனாள். வெகு நேரம் கழித்து ஓடி வந்தாள். கையில் கீரை இல்லை. சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது.

“ஒரு பறவை பாத்தேன்” என்றாள். “கிட்ட போயும் அசையல. மனுசன் மாதிரி நின்னுக்கிட்டு என்னையே பாத்துச்சு—”

“மீசை இருந்துச்சா?” என்றார் சார்.

மந்திரமூர்த்திக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. எல்லாரும் சிரித்தார்கள். பிளாரன்ஸும் சிரித்தாள். பிறகு ரசம் எடுத்துவர உள்ளே போனாள்.

மறுநாள் சாயங்காலம் சார் கூப்பிட்டபோது தலைவலி என்றாள். அதற்கடுத்த நாள் துணி துவைக்க வேண்டும் என்றாள். பிறகு அவர் கூப்பிடவில்லை. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும்வரை தனியாகத்தான் நடந்தார்.

“அவளுக்கு சலிச்சுப்போச்சுன்னு நெனச்சேன்வே. அப்படி நெனச்சே எத்தனையோ வருசம் ஓட்டிட்டேன்.”

காரணம் தெரிந்தது இங்கே வந்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு. துறைமுக வாசல் டீக்கடையில் சாயங்காலம் கூடும் கூட்டத்தில், உப்பளத்தில் கரண்டி மாதிரி அலகுள்ள ஒரு வெள்ளைப் பறவையைப் பார்த்ததாகச் சொன்னார். “சாருக்கு வீட்டுல சோறு போடலயோ, பாக்குறதெல்லாம் கரண்டியாத் தெரியுது” என்றார் ஒருவர். கடையே சிரித்தது. சாரும் கூடச் சிரித்துவிட்டு சைக்கிளில் ஏறினார். பாதி வழியில் ஏனோ மிதிக்க முடியவில்லையாம். இறங்கித் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

“அவ சேலை நனைஞ்சிருந்தத நான் அன்னைக்கே பாத்தேன். எதுக்கு நனைஞ்சிச்சுன்னு கேக்கல. அந்தச் சேத்துக்குள்ள எறங்கிப் பாத்திருக்கா. அங்கன முதலை உண்டு.”

அன்று இரவே கேட்டார். “எந்தப் பறவ?” என்றாள் பிளாரன்ஸ். நினைவூட்டினார். “எனக்கு ஞாபகமில்ல” என்றாள். அன்றிலிருந்து கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். கேட்பாரே தவிர வற்புறுத்த மாட்டார். அந்தப் பறவை எது என்பதற்கு உலகத்தில் அவள் ஒருத்திதான் சாட்சி. புத்தகத்தில் இருக்கிற அத்தனை படத்தையும் காட்டியாகிவிட்டது.

போன வாரம் நான் போயிருந்தபோது பிளாரன்ஸ் பின்கட்டில் உட்கார்ந்து அரிவாள்மணையில் சாளை மீன் அரிந்துகொண்டிருந்தாள். சார் புத்தகத்தை விரித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார்.

“இதப் பாரேன். சாம்பல் நெறம். ஆளு ஒசரத்துல நிக்குமாம்.”

அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். “இது இல்ல.”

“அப்ப இது?”

“தெரியல. ஈ மொய்க்குது, அங்கிட்டுப் போங்க.”

வாசலில் யாரோ கூப்பிட, சார் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்து போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஞாபகமில்லை என்கிறவள் ‘இது இல்ல’ என்று எப்படிச் சொல்கிறாள்?

“அக்கா, ஒங்களுக்கு மறக்கலைல்லா?” என்றேன். “சார்ட்ட சொல்லிரலாமே. பாவம், கெடந்து அலையுதாரு.”

பிளாரன்ஸ் அக்கா அரிவதை நிறுத்தினாள்.

“அன்னைக்குச் சொல்லத்தான தம்பி ஓடியாந்தேன்.”

செதில் ஒட்டிய வலது கையை மெல்லத் தூக்கினாள். தோளுக்கு மேல், தலைக்கு மேல், கை போகிற மட்டும் தூக்கி, உள்ளங்கையை விரித்து, அந்தரத்தில் ஓர் உயரத்தைத் தொட்டு நிறுத்தினாள். கண்ணும் அங்கேயே நின்றது.

முன்கட்டில் சாரின் செருப்புச் சத்தம் கேட்டது. கையை இறக்கி, சட்டியிலிருந்து அடுத்த மீனை எடுத்தாள்.